‘விழுந்துவிட்டான்’ என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஆட்டிசம் உண்டு, பேச்சு வரவில்லை. ஒரு வருடமாகக் காப்பகம் ஒன்றில் தங்கியிருக்கிறான். மாதம் ஒரு முறை வீட்டுக்கு அழைத்து வருவோம். நேற்று வந்தவனுக்கு உடை மாற்றும்போது பார்த்தேன்: வலது மேல் கையின் உள்பக்கம் வரிசையாக நான்கு இடத்தில் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருக்கிறது. கேட்டால், “குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டான்” என்கிறார்கள். “நாங்கள் அரசு உரிமம் பெற்ற இல்லம், வருடா வருடம் அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள்” என்றும் சொல்கிறார்கள். நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா? புகார் கொடுத்தால் அந்தக் கோபத்தை அவனிடமே காட்டிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: வீண் சந்தேகம் இல்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் உறுத்தியது காயம் இருக்கும் இடம்தான். வழுக்கி விழுகிறவருக்குப் பெரும்பாலும் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்தான் அடிபடும்: முழங்கால், முழங்கை, நெற்றி, மோவாய், இடுப்பு ஓரம். மேல் கையின் உள்பக்கமோ உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும் சதை. அங்கே வரிசையாக நான்கு கன்றல்கள் என்றால் விரல்கள் அழுத்திப் பிடித்த தடமாக இருக்கலாம். கையின் மறுபக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஐந்தாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். காது, கழுத்து, தொடையின் உள்பக்கம், பிட்டம் ஆகிய இடங்களையும் விட்டுவிடாதீர்கள்.

இதை வைத்து யாரோ அடித்தார்கள் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. விழப்போனவரை ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கலாம். அப்படியானால் யார் பிடித்தார், எத்தனை மணிக்கு, பிறகு உடம்பைப் பரிசோதித்தது யார் என்பதெல்லாம் அன்றைக்கே சம்பவப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். அன்றே உங்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். நீங்களாகப் பார்த்துக் கேட்ட பிறகு வந்த விளக்கம் என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது மூன்று. முதலில் படம். கை முழுதும் தெரிகிற மாதிரி ஒன்று, காயத்துக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து நெருக்கத்தில் ஒன்று. அடுத்தது மருத்துவர். “விழுந்ததால் வந்ததா, பிடித்ததால் வந்ததா என்று பார்த்து எழுதிக் கொடுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நிறத்தை வைத்து இது எத்தனை நாள் காயம் என்று யார் உறுதியாகச் சொன்னாலும் அதை அப்படியே நம்ப வேண்டாம், நிறம் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாவது, காப்பகத்துக்கு ஒரு கடிதம்: அந்த நாளின் சம்பவப் பதிவு, பணியில் இருந்தவர்களின் ஷிப்ட் பட்டியல், மகனுக்குக் கொடுத்த மருந்துகளின் அட்டவணை ஆகியவற்றின் நகல் வேண்டும், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று. கேமராப் பதிவுகளை இயந்திரமே சில நாட்களிலோ சில வாரங்களிலோ அழித்து மேலே எழுதிவிடும். அதனால்தான் அவசரம்.

மகனிடம் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் “அந்த அண்ணன் அடித்தானா?” என்று கேட்காதீர்கள். பேச்சுக்குப் பதிலாகப் பட அட்டையோ கருவியோ பயன்படுத்துகிறவர் என்றால் அதை முன்னால் வைத்துவிட்டுக் காத்திருங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தரப் பழகிவிடுவார், பின்னால் விசாரணையில் அந்தப் பதிலுக்கு மதிப்பு இருக்காது. உடம்பு சொல்வதைக் கவனியுங்கள். யாராவது கையை உயர்த்தினால் ஒதுங்குகிறாரா, குளியலறைக்குள் போக மறுக்கிறாரா, வழக்கத்துக்கு மாறாக நாள் முழுக்கத் தூங்கி வழிகிறாரா? “ஆட்டிசம் என்றால் அப்படித்தான்” என்று இதையெல்லாம் தள்ளிவிடுவது மிகச் சுலபம். படித்தவர்களே அதைச் செய்கிறார்கள். தூங்கி வழிவதற்குப் பின்னால், தொந்தரவில்லாமல் இருக்கட்டும் என்று கூட்டிக் கொடுத்த மாத்திரை இருக்கலாம். மருந்து அட்டவணையைக் கேட்கச் சொன்னது அதற்காகவும்தான்.

சரி, உரிமம். காப்பகங்களை ஆய்வு செய்யும் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒரு காலை எட்டு மணிக்கு ஓர் இல்லத்துக்குப் போனோம். முப்பது பேர் தங்கும் இடம். தரை பளபளத்தது, பதிவேடுகளில் ஒரு கையெழுத்துகூட விடுபடவில்லை. குளியலறையில் பெயர் ஒட்டிய முப்பது பல் துலக்கிகள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். இழைகள் காய்ந்து விறைப்பாக இருந்தன. அடுத்ததும் அப்படியே. ஒன்றில்கூட ஈரம் இல்லை, எல்லாம் எங்களுக்காக வாங்கி வைத்தவை. நாங்கள் வரும் தேதியை இரண்டு வாரத்துக்கு முன்பே கடிதத்தில் தெரிவித்திருந்தோம். அந்த வருகையில் அங்கே தங்கியிருந்த ஒருவரிடம்கூட ஊழியர் பக்கத்தில் இல்லாமல் எங்களால் பேச முடியவில்லை. உரிமம் புதுப்பிக்கப்பட்டது. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

ஆக, உரிமம் என்பது ஆய்வு நாளன்று இல்லம் எப்படித் தெரிந்தது என்பதை மட்டுமே சொல்லும். சில இடங்களில் அவ்வளவுகூடச் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் கௌட்டெங் மாகாண அரசு 2016-இல் மனநலச் சிகிச்சை பெற்றவர்களையும் கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தின் பராமரிப்பு மையங்களிலிருந்து தொண்டு இல்லங்களுக்கு அவசர அவசரமாக மாற்றியது. 144 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் அனுப்பப்பட்ட 27 இல்லங்களின் உரிமங்களுமே செல்லாதவை என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் 2017-இல் அறிக்கை கொடுத்தார்.

பிரிட்டனில் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கானது, அரசின் ஆய்வுக்கு உட்பட்டது. அங்கே நடப்பதை ஒரு செவிலியர் நிர்வாகத்திடமும் கண்காணிப்பு ஆணையத்திடமும் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிபிசி செய்தியாளர் ஒருவர் ஊழியராக வேலைக்குச் சேர்ந்து ரகசியக் கேமராவில் எடுத்தது 2011-இல் ஒளிபரப்பான பிறகுதான் வழக்கு வந்தது. 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 6 பேருக்குச் சிறை. ஆணையம் இருந்தது, சொல்லவும் ஆள் இருந்தார். கேட்டு உடனே அசைகிற ஆள்தான் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. அதன் 16-ஆவது பிரிவு, இப்படிப்பட்ட இல்லங்களையும் திட்டங்களையும் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. ‘சுதந்திரமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இல்லத்துக்குப் பணம் தருவதும் ஆட்களை அனுப்புவதும் ஆய்வு செய்வதும் ஒரே துறையாக இருந்தால், தவறைக் கண்டுபிடிப்பது அந்தத் துறைக்கே சங்கடம். நியூயார்க் மாநிலத்தில் இதற்கென்றே தனி நீதி மையம் ஒன்று 2013-இல் செயல்படத் தொடங்கியது. 24 மணி நேரமும் புகார் வாங்குகிறார்கள். துன்புறுத்தல் நடந்ததாகத் தெரிந்தால் ஊழியர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். மிகக் கடுமையான குற்றம் உறுதியானவர்களின் பெயர் விலக்குப் பட்டியலில் ஏறும், புதிதாக ஆள் எடுக்கும் இல்லம் அதைப் பார்த்தாக வேண்டும். அந்தப் பட்டியலை நான் பெரிதாக மதிக்கிறேன். ஓரிடத்தில் கை நீட்டியவர் சத்தமில்லாமல் ராஜினாமா செய்துவிட்டு அடுத்த மாதமே இன்னொரு இல்லத்தில் சேர்வதுதான் இந்தத் தொழிலின் பழைய நோய்.

உங்கள் காப்பகத்திடம் கேளுங்கள்: கடைசியாகச் சொல்லாமல் வந்து பார்த்தது எப்போது? அந்த ஆய்வு அறிக்கையை நான் படிக்கலாமா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? ஒருவரைப் பிடித்து அடக்க வேண்டி வந்தால் எந்தப் பதிவேட்டில் எழுதுகிறீர்கள்? வேலைக்கு எடுக்கும் முன் குற்றப் பின்னணி பார்த்தீர்களா? இதில் அறிக்கையும் இரவு ஊழியர் கணக்கும்தான் எனக்கு முக்கியம். நல்ல இல்லம் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டும்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம், அதனால் புகாரைக் காப்பகத்தோடு முடித்துக்கொள்ளாதீர்கள். உரிமம் தந்த துறை, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரோ குறைதீர்ப்பாளரோ இருந்தால் அவர், மருத்துவர் சந்தேகத்தை எழுத்தில் தந்தால் காவல்துறை, மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் போகட்டும். வெளியில் பலருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் மகன் மேல் கை வைக்கத் தயங்குவார்கள். விசாரணை முடியும் வரை அந்த ஷிப்டில் இருந்தவர் மகனைக் கவனிக்கும் பணியில் இருக்கக் கூடாது என்று கடிதத்திலேயே எழுதுங்கள். புகார் எண்ணும் பெற்றுக்கொண்டவர் பெயரும் வாங்காமல் திரும்ப வேண்டாம். அப்புறம், அங்கே பிள்ளைகளை விட்டிருக்கும் மற்ற பெற்றோர் இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள். தனியாக நின்று கேட்பதைவிட மூன்று குடும்பமாகக் கேட்பது வேறு.

மாதம் ஒரு முறை, சொல்லிவிட்டு, பகலில் போகிற வழக்கத்தையும் மாற்றுங்கள். குளிக்கும் வேளையிலும் இரவு படுக்கும் வேளையிலும் முன்கூட்டிச் சொல்லாமல் போய் நில்லுங்கள். “நேரம் முடிந்துவிட்டது, நாளை வாருங்கள்” என்றால் அதையும் தேதியோடு குறித்துவையுங்கள்.

மகன் இப்போது வீட்டில் இருக்கிறாரா, திரும்ப அனுப்பிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில்தான் இருக்கிறார் என்றால், சம்பவப் பதிவின் நகல் கைக்கு வந்து, மருத்துவர் எழுதியதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்று மாலையே போய்க் கையைப் பாருங்கள்.