அந்த மாஸ்டர் சிலிண்டரை யாரும் திறக்க விடாதீர்கள்

கேள்வி: என் அப்பா வாங்கிய 1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்னும் ஓட்டி வருகிறேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) கசிந்ததால், இருபது வருடமாகப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து உள்ளே இருக்கும் ரப்பர் கிட்டை மாற்றச் சொன்னேன். கிட்டை நானே ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன். கூலி 3,500 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன், பில் இல்லை. இரண்டாம் நாளே பெடல் கொஞ்சம் இறங்கியது. பிரேக் ஆயில் குறைந்திருந்ததால் வீட்டிலிருந்ததை ஊற்றினேன். ஐந்தாம் நாள் சந்தைக்குப் போகும்போது சிக்னலில் பெடல் தரை தட்டி, முன்னால் நின்ற பைக்கில் மோதினேன். அந்தத் தம்பிக்குக் காறை எலும்பு முறிவு. போலீஸ் வழக்கு போட்டு, வண்டியை இப்போது விடுவித்துவிட்டார்கள். மெக்கானிக் போனை எடுப்பதில்லை, வந்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வேறு பட்டறையில் சிலிண்டரைத் திறந்து பார்த்து, அவர் மீது நுகர்வோர் வழக்கு போட நினைக்கிறேன். சரியா? – கோவை வாசகர்

பதில்: முதலில் அந்தப் பட்டறைக்குப் போன் செய்து, சிலிண்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் படியுங்கள்.

இருபது வருடப் பழக்கம், போனை எடுக்காதது, வந்து விசாரிக்காதது எல்லாம் உங்களுக்கு வலிக்கும். நுகர்வோர் ஆணையத்தில் அதற்கு எடை கிடையாது. அங்கே கேட்கப்போவது ஒன்றுதான்: சிலிண்டரைத் திறந்தபோது போர் (பிஸ்டன் ஓடும் உள்துளை) எப்படி இருந்தது, ஆயிலைத் தாண்டவிடாமல் அடைக்கும் ரப்பர் கப் எப்படி இருந்தது, யார் முன்னால் திறந்தார்கள்? சேவைக் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியவர் புகார்தாரர். உங்கள் கையிலுள்ள ஒரே சாட்சி அந்த இரும்புத் துண்டு.

உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் அது போரில்தான் இருக்கும். நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய சிலிண்டரில் ஈரம் தேங்கி உள்சுவரில் குழி விழுந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அந்தக் குழியோடு புது ரப்பர் கப் போட்டால் சில நாளில் கப்பின் விளிம்பு கிழிந்து ஆயில் தாண்டிவிடும். அதைப் பார்க்கக்கூடியவர் திறந்த மெக்கானிக் மட்டுமே. பார்த்துவிட்டு, 'இதற்குக் கிட் போட முடியாது, உள்ளே ஸ்லீவ் (புது உள்குழாய்) போடணும், இல்லை வேறு சிலிண்டர் வாங்கணும்' என்று சொல்லாமல் மாட்டிக் கொடுத்திருந்தால் அது குறைபாடுதான். அந்தக் கால ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். மாஸ்டர் போனால் கால் பிரேக் மொத்தமும் போய்விடும். அதனால் அவருடைய கவனப் பொறுப்பும் கூடுதல்.

இதை இரண்டாவது பட்டறைக்காரர் தனியாகத் திறந்து, துடைத்து, 'சார், போர் போயிருக்கு' என்று சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வி கேட்பார்: 'என் கட்சிக்காரர் மாட்டிய சிலிண்டர் இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?' நல்ல வழக்குகள் இப்படி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் மெக்கானிக்குப் பதிவுத் தபாலில் நாள், இடம் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும், சுயேச்சையான ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே திறக்கச் சொல்லுங்கள். ரப்பர், பிஸ்டன், உள்ளே இருக்கும் திரவம் எல்லாம் தனித்தனியாகக் கையெழுத்தோடு சீல் ஆக வேண்டும். வீடியோவுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 சான்றிதழ் வேண்டும். எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள்.

இனி எனக்கு உண்மையில் கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய இரண்டு வரிகள் மெக்கானிக்கை விட்டுவிட்டு உங்களையே பிடிக்கும்.

ஒன்று, 'வீட்டிலிருந்ததை ஊற்றினேன்'. எந்தப் பாட்டில்? நாம் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் டாட் 3, டாட் 4 திரவம் எண்ணெய் வகை இல்லை. பவர் ஸ்டீயரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ கொஞ்சம் கலந்தாலும் பிரேக் ரப்பர் ஊதிவிடும். ஒரு வழக்கில் அப்படி ஊதிய கப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். புதுக் கப்பின் மேல் வைத்தால் சுற்றிலும் விளிம்பு வெளியே தெரிந்தது, அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கியது. மெக்கானிக் தரப்பு ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. உங்கள் கப்பும் ஊதியிருந்தால், கிட்டும் உங்களுடையது, ஊற்றியதும் உங்களுடையது. அவருக்கு மிஞ்சுவது கூலி வாங்கிய பொறுப்பு மட்டும். அந்தப் பாட்டிலை எறிந்துவிடாதீர்கள், கழுவவும் கூடாது.

இரண்டு, 'இரண்டாம் நாளே பெடல் இறங்கியது'. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190, ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரண கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலும், பொது இடத்தில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அதனால் விபத்தாகி ஒருவருக்குக் காயம் என்றால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், இரண்டுமேகூட. எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால், பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 125(பி) தனியாக நிற்கும். 'பிரேக் பிடிக்கவில்லை, என் தப்பில்லை' என்பது தானாக வேலை செய்யும் எதிர்வாதம் இல்லை. திடீர்ப் பழுது என்று சொல்லும் உரிமையாளர்தான், வண்டியைச் சரியாகப் பராமரித்ததையும் அதையும் மீறிப் பழுது வந்ததையும் நிரூபிக்க வேண்டும் என்று 1977-லேயே மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெடல் இறங்கியும் மூன்று நாள் ஓட்டியவர் இதை எப்படி நிரூபிப்பார்?

மெக்கானிக் மேல் உள்ள கோபத்தில் இந்த வரியை நுகர்வோர் புகாரில் எழுதுவீர்கள். அதன் நகல் அப்படியே கிரிமினல் கோர்ட்டுக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகும். மெக்கானிக்குக் கோபமாக வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்பியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அனுப்பியதை அழிக்க வேண்டாம். உங்கள் கிரிமினல் வக்கீல் படித்துப் பார்க்காமல் எந்த நோட்டீஸும் போகக்கூடாது, நான் மேலே சொன்ன நோட்டீஸ் உட்பட.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்த்துக் கொடுத்த அறிக்கையின் நகலை வாங்குங்கள். அதில் 'விபத்து இயந்திரக் கோளாறால் நிகழவில்லை' என்றிருந்தால் மெக்கானிக் மீதான வழக்கு ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள். ஐந்து வருடப் புதுப்பிப்பு தவறியிருந்தாலோ, 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கியிருந்தாலோ சிக்கல் வேறு. விண்டேஜ் பதிவுள்ள காரை அன்றாடச் சந்தைக்கு ஓட்டக்கூடாது.

காயமடைந்தவருக்கு உங்கள் மூன்றாம் நபர் காப்பீடு பதில் சொல்லும், பாலிசி நடப்பில் இருந்தால். கம்பெனிக்கு இதுவரை தெரிவிக்காவிட்டால் இன்றே தெரிவியுங்கள். அந்தத் தம்பியை ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள், பழம் வாங்கிக் கொடுங்கள். தொகை எதுவும் பேசவோ எழுதிக் கொடுக்கவோ வேண்டாம். கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்பது பாலிசி நிபந்தனையை மீறுவது.

ஆக, மெக்கானிக்கிடமிருந்து நீங்கள் கேட்கக்கூடியது கூலி 3,500 ரூபாயும் முன்பக்கத் தகர வேலையும்தான். அதற்காக உங்களுக்கே எதிரான வாக்குமூலத்தைப் புகார் என்று தாக்கல் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். சமரசமாகப் போங்கள். இருவருக்கும் பொதுவான ஒருவரை வைத்து, கூலியைத் திருப்பித் தரவும் தகர வேலையில் பாதியை ஏற்கவும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் யார் தப்பு என்று ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அவசரமில்லை. நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது. சிலிண்டரைச் சாட்சிகளோடு திறந்து, போரில் குழி இருந்து, கப் ஊதாமல் இருந்தால் மட்டும் புகாரைப் பற்றிப் பேசுவோம், அதுவும் கிரிமினல் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகு.