வாசலுக்கு வெளியே நில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சபையில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு நிதி தொடங்கலாம் என்று பேச்சு வந்தது. மூப்பர் ஒருவர் எழுந்து, "தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள் என்று ஆண்டவரே சொல்லிவிட்டார், நாம் என்ன செய்தாலும் தீராது" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை, நானும்தான். அந்த வசனத்துக்கு அதுதான் பொருளா?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூப்பர் பாதி வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். மாற்கு சுவிசேஷம் 14-ஆம் அதிகாரத்தில் அதே மூச்சில் மீதியும் வருகிறது: "உங்களுக்கு மனதுண்டாகும்போதெல்லாம் நீங்கள் அவர்களுக்கு நன்மை செய்யலாம்." பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் தலையில் தைலம் ஊற்றியபோது நடந்த பேச்சு அது. அதை 300 பணத்துக்கு மேல் விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அன்று கூலிக்காரருக்கு நாளொன்றுக்கு ஒரு பணம். கிட்டத்தட்ட ஒரு வருடச் சம்பாத்தியம்.

இயேசுவின் வார்த்தை, பழைய ஏற்பாட்டின் சட்டப் புத்தகங்களில் ஒன்றான உபாகமத்தின் 15-ஆம் அதிகாரத்தை நினைவுபடுத்துவது. தேசத்தில் எளியவர்கள் இல்லாமல் போவதில்லை, ஆகையால் கையைத் தாராளமாகத் திற என்கிறது அந்த அதிகாரம். அந்த 'ஆகையால்' எங்கே போனது என்று மூப்பரைக் கேளுங்கள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்லும் அதிகாரம் அது. விடுதலை வருடம் நெருங்குகிறதே, இப்போது கொடுத்தால் திரும்பி வராதே என்று கையை இழுத்துக்கொள்பவனையும் அது முன்கூட்டியே எச்சரிக்கிறது. எழுதியவருக்குக் கடன் கொடுப்பவர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது உபாகமத்தின் 24-ஆம் அதிகாரம். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்க வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவனே அதைக் கொண்டுவந்து தருவான். என் சின்ன வயதில் வட்டிக்காரர் ஒருவர் செருப்போடு எங்கள் அடுக்களை வரை வந்து, வெண்கலப் பானையைத் தூக்கிப் பார்த்து எடை போட்டது நினைவிருக்கிறது. பானை போனதைவிட அவர் உள்ளே வந்ததைத்தான் அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் அந்த வசனத்துக்கு எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

அதே அதிகாரத்தில், மாவு அரைக்கும் திரிகைக்கல்லை அடகாக வாங்காதே என்றும் இருக்கிறது. அது ஒருவனுடைய ஜீவனையே அடகு வாங்குவதாகும். ஏழையின் மேலாடையை வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு. யாத்திராகமம் 22-இலும் இதே சட்டம்தான், ஆனால் அங்கே நடுவில் ஒரு கேள்வி வருகிறது: அவன் வேறு எதைப் போர்த்திப் படுப்பான்? சட்டப் புத்தகம் இப்படிக் கேட்பது அபூர்வம்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருந்த கவலையில்லை. 1960-இல் இஸ்ரேல் கடற்கரையில், யாவ்னே-யாம் என்ற பழைய துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு சிறு கோட்டை இடிபாட்டில் எழுத்துள்ள பானை ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தது. கதிர் அறுக்கும் கூலிக்காரன் ஒருவன் அதிகாரிக்குச் சொன்ன மனு அதில் இருக்கிறது: அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன். அதற்கப்புறமும் ஓசாயாகு என்பவன் என் ஆடையைப் பிடுங்கிக்கொண்டான். வெயிலில் என்னோடு அறுத்த என் சகோதரர்கள் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். என் ஆடையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அந்தக் கூலிக்காரன் எந்த வேதவசனத்தையும் எடுத்துக் காட்டவில்லை. அதற்கு 100 வருடத்துக்கும் முன்பே ஆமோஸ் தீர்க்கதரிசி கொதித்ததும் இப்படிப்பட்ட ஆடையைப் பற்றித்தான்: அடகு வாங்கிய வஸ்திரத்தை விரித்து, பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கிறார்கள்!

சரி, உங்கள் நிதிக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்தில் உபாகமம் 15-ஐ முதல் வசனத்திலிருந்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அந்த மூப்பரையே. நிதி தொடங்கிவிட்டால், பிள்ளைகளை ஆராதனை நடுவே முன்னால் வரிசையாக நிறுத்தி உறையைக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டிவிட்டு, ரசீதை மட்டும் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.