டாங்கிப் புத்தகங்களும் நைனாவின் ஒரே கேள்வியும்

"டாங்கிக்குள் இருந்து போரிட்ட வீரர்களைப் பற்றியும் டாங்கிப் போர்களைப் பற்றியும் படிக்க நல்ல புத்தகங்கள் எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். மொபைலில் டாங்கி விளையாட்டு ஆடியிருப்பீர்கள். ஜெர்மன் டைகர் பெரிதா ரஷ்ய டி-34 பெரிதா என்று நண்பர்களோடு சண்டை போட்டிருப்பீர்கள். தப்பே இல்லை, நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். என் வீட்டில் நிஜமாகவே டாங்கி ஓட்டிய ஓர் ஆள் திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான் ஜெர்மன்காரன் டாங்கியின் கவசம் எத்தனை மில்லிமீட்டர் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டைக்குப் பக்கம். வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதற்கு இன்னொரு பெயர். அதன் காற்று எங்கள் ஊரிலும் அடித்தது. வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று. அதன் கீழே பூ வாங்குகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் நாற்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன்.

எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கவசப் படையில் டிரைவர். 1971இல் மேற்கு எல்லையில் இருந்தார். எந்த ரெஜிமென்ட் என்று எழுத மாட்டேன், ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓய்வு பெறும்போது டஃபேதார். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டாங்கிப் படை குதிரைப் படையின் வாரிசு. குதிரை போய் இரும்பு வந்ததே தவிர, பதவிப் பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. காலாட்படையில் சிப்பாய் என்றால் இங்கே சவார், அங்கே ஹவில்தார் என்றால் இங்கே டஃபேதார், சுபேதார் என்றால் ரிசால்தார். நம் ஊரிலோ டபேதார் என்றால் கலெக்டருக்கு முன்னால் தலைப்பாகையும் சிவப்புப் பட்டையுமாக நடப்பவர். "உன் புருஷன் எந்தக் கலெக்டர் கிட்ட வேல பாக்கறாரு?" என்று அம்மாவை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் இறக்கும் வரை. அப்புறம் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே இருந்தவர் கடுதாசியைப் பார்த்துவிட்டு, "டபேதார்னா ரெவின்யூ ஆச்சே, கலெக்டர் ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகச் சொன்னார். அதைச் சரிசெய்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நைனா பெயரில் ஓர் எழுத்து அதிகம், ஆதாரில் ஓர் எழுத்து குறைவு. பதினான்கு மாதம் அலைந்தோம். எழுபது வயது அம்மா பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி வெயிலில் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது. புத்தகத்துக்கு வருகிறேன்.

கல்லூரி நாட்களில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில்தான் என் டாங்கி நூலகம் ஆரம்பித்தது. முதலில் வாங்கியது குடேரியன் எழுதிய நினைவுக் குறிப்பு. ஜெர்மன் டாங்கிப் படையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், 1937இலேயே டாங்கிப் போர்முறை பற்றிப் புத்தகம் போட்டவர். பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து நைனாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பிரான்ஸ் எல்லை, மியூஸ் ஆறு, எல்லாம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டிரைவர் பேரு இன்னா?"

நான் முழித்தேன். தளபதி எழுதிய புத்தகத்தில் டிரைவர் பெயர் எங்கே இருக்கும்? "அப்போ அவன் டேங்கு ஓட்டல, மேப்பு ஓட்டியிருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் டாங்கிப் புத்தகத்தைச் சோதிக்கும் முறை இதுதான். தளபதிகள் எழுதிய நூல்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். போர் எப்படித் திட்டமிடப்பட்டது என்று தெரிய அவை வேண்டும். ஆனால் கேட்டவர் 'டாங்கிக்குள் இருந்தவர்கள்' என்று கேட்டிருக்கிறார்.

டிரைவர் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: நைனா ஓட்டிய காலத்து டாங்கியில் நாலு பேர். கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். பின்னால் வந்த டி-72 டாங்கியில் குண்டை இயந்திரமே ஏற்றுவதால் மூன்று பேர்தான். நைனாவின் டாங்கியில் மற்ற மூவரும் மேலே, பீரங்கி பொருத்திய சுழல் கோபுரத்தில் ஒன்றாக இருப்பார்கள். டிரைவர் மட்டும் முன்னால், கீழே, தனியாக. மூடியை அடைத்துவிட்டால் பெரிஸ்கோப் வழியாகத் தெரியும் ஒரு கீற்று நிலம்தான் அவருக்கு உலகம். காதில் கமாண்டர் குரல். இந்தியில் பாயே என்றால் இடது, தாயே என்றால் வலது. "அவன் பாயேன்னு சொல்லிடுவான். பாயேல பள்ளம் கீதா மேடு கீதான்னு பாக்கறது நானு" என்பார். டாங்கிக்கு முன்பக்கம்தான் கவசம் தடிமன், பக்கவாட்டிலும் பின்னாலும் மெலிது. டிரைவர் தேவைக்குமேல் திருப்பினால் எதிரிக்கு விலாவைக் காட்டினதாகிவிடும். மேட்டுக்குப் பின்னால் கோபுரம் மட்டும் தலைகாட்டுகிற மாதிரி நிறுத்தி, சுட்டதும் பின்வாங்கி, வேறு இடத்தில் தலைகாட்ட வேண்டும். அந்த அரையடி, ஒரு அடி எல்லாம் டிரைவர் காலில் இருக்கிறது.

காலம் முழுக்க உத்தரவு வாங்கி ஓட்டியவர், ஓய்வுக்குப் பிறகு என் டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடுவார். கணியம்பாடி ரோட்டில், "பாயே... பாயே... ருக்கோ!" என்று. காது மந்தம் வேறு, ஊருக்கே கேட்கும். சந்தையில் வண்டியை எப்போதும் வெளியே பார்த்து நிறுத்தச் சொல்வார். "கெளம்பறப்ப திருப்பினு இருக்கக் கூடாதுடா" என்று.

அவருடைய சோதனையில் தேறிய முதல் புத்தகம் 'பிரேசன் சேரியட்ஸ்', 1959இல் வந்தது. எழுதியவர் பாப் கிரிஸ்ப். தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடியவர், முதல்தர கிரிக்கெட்டில் நாலு பந்தில் நாலு விக்கெட்டை இரண்டு முறை எடுத்தவர். 1941 நவம்பரில் லிபியா பாலைவனத்தில், வீரர்கள் 'ஹனி' என்று கூப்பிட்ட ஸ்டூவர்ட் டாங்கியில் போரிட்டார். அதன் பீரங்கி வெறும் 37 மில்லிமீட்டர். ஜெர்மன் டாங்கி தூரத்திலிருந்தே இதை முடித்துவிடும். ஆகவே வேகமாகக் கிட்டப் போய், நிறுத்தி, சுட்டு, ஓடிவிட வேண்டும். இதைச் சொன்னபோது நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ டிரைவர்தான் சண்ட போட்டிருக்கான்" என்றார். நாலு நாள் இரவில் விடாமல் படித்துச் சொல்லவைத்தார். நான் பார்த்தவரை ஒரே முறை அவர் புத்தகத்தைக் கையில் வாங்கினார். பென்சில் கேட்டு, உள் அட்டையில் ஏதோ எழுதினார். அதைப் பிறகு சொல்கிறேன்.

கீத் டக்ளஸின் 'அலமெய்ன் டு ஜெம் ஜெம்' இன்னொன்று. ஆங்கிலக் கவிஞர். எகிப்தில் அலமெய்ன் சண்டை 1942 அக்டோபரில் தொடங்கியபோது அவரைப் பின்னால் அலுவலக வேலையில் வைத்திருந்தார்கள். உத்தரவை மீறி லாரி எடுத்துக்கொண்டு ரெஜிமென்ட்டைத் தேடிப் போனார். போர்க்களம் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை அவரைப்போல எழுதியவர்கள் குறைவு. 1944 ஜூனில், நார்மண்டியில், 24 வயதில் இறந்துபோனார். புத்தகம் அவர் இறந்த பிறகு வந்தது. நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. "உத்தரவு மீறுனவன் பேச்சு எதுக்கு" என்று விட்டார். எனக்குப் பிடித்த புத்தகம் இதுதான். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஓட்டோ கேரியஸின் 'டைகர்ஸ் இன் த மட்' படிக்கலாம். ஜெர்மன் டைகர் கமாண்டர், போருக்குப் பின் மருந்துக்கடை வைத்துப் பிழைத்தவர், கடைக்கும் டைகர் என்றே பெயர் வைத்தார். ஹிட்லர் ஆளைப் புகழ்கிறான் என்று பின்னூட்டம் வரும், தெரியும். டாங்கிக்குள் குளிரும் சேறும் எப்படி இருந்தன என்று அறிய மட்டும் படியுங்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதை அவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பெல்டன் கூப்பரின் 'டெத் டிராப்ஸ்' பழுதுபார்க்கும் பிரிவு அதிகாரி எழுதியது. அவர் இருந்த அமெரிக்க 3ஆவது கவச டிவிஷன் 232 ஷெர்மன் டாங்கிகளோடு நார்மண்டியில் இறங்கியது. போர் முடிவதற்குள் 648 அடியோடு அழிந்தன, இன்னும் 700 அடிபட்டுப் பழுதுபார்த்துத் திரும்பின என்கிறார். கணக்கு குழப்பமாகத் தோன்றினால், அழிய அழியப் புதிதாக வந்துகொண்டே இருந்தன என்று புரிந்துகொள்ளுங்கள். ஷெர்மனை ஒரேயடியாக மட்டம் தட்டுகிறார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனாலும் அடிபட்ட டாங்கியின் உள்ளே யாரோ ஒருவர் கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, அதில் வேறு நாலைந்து பேரை ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் யோசித்தேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 1965 என்றால் அசல் உத்தர். அந்த செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கம் கரும்பு வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு, லாட வடிவில் காத்திருந்து, பாகிஸ்தானின் 'பாட்டன்' (Patton) டாங்கிகளைச் சேற்றில் மாட்டவைத்தார்கள். நம்மிடம் இருந்ததில் ஒரு பகுதி பழைய ஷெர்மன். டாங்கிப் படைக்குத் தலைமை பிரிகேடியர் தியோகராஜ். ஜீப்பில் பின்னுதைப்பில்லாத் துப்பாக்கியோடு நின்ற அப்துல் ஹமீது காலாட்படைக்காரர், பரம்வீர் சக்ரா பெற்றவர். இதற்கு அமரிந்தர் சிங்கும் தஜிந்தர் ஷெர்கில்லும் சேர்ந்து எழுதிய 'த மான்சூன் வார்' நல்ல நூல். அன்றைய இளம் அதிகாரிகளின் நினைவுகளை வைத்துக் கட்டியது. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

1971க்கு ஹனூத் சிங் எழுதிய 'ஃபக்ர்-இ-ஹிந்த்', பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டின் வரலாறு. அருண் கேத்தர்பால் என்ற 21 வயதுப் பையன் டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில் எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து இறந்தது இந்த ரெஜிமென்ட்டில்தான். அவர் கதை எல்லோருக்கும் தெரியும். நைனாவும் கேட்டுவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. டிரைவர் பிரயாக் சிங், கன்னர் நத்து சிங், லோடர் நந்த் சிங். நந்த் சிங் அங்கேயே இறந்தார், மற்ற இருவர் பிழைத்தார்கள். நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பிரயாக்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு துணுக்கு. இந்திய ராணுவத்தின் மிகப் பழைய கவச ரெஜிமென்ட்டான 16 லைட் கேவல்ரி, 1776 வாக்கில் ஆற்காட்டு நவாபின் சேவையில் இருந்த குதிரைப் படையிலிருந்து வந்தது. தென்னிந்தியர்களைச் சேர்க்கும் ரெஜிமென்ட். 1965இல் செஞ்சுரியன் டாங்கிகளோடு சியால்கோட் பகுதியில் சண்டை போட்டது. டாங்கிகள் பிறக்கும் ஆவடியும் நமக்கு ஒரு ரயில் தூரத்தில். இவ்வளவு இருந்தும், ஒரு தமிழ் டிரைவரோ லோடரோ எழுதிய ஒரு புத்தகத்தையும் என்னால் உங்களுக்குச் சொல்ல முடியவில்லை என்பதுதான் எரிச்சல். சினிமாக்காரர்களுக்கு மட்டும் ஊருக்கு ஊர் வாழ்க்கை வரலாறு.

கடைசியாக ஆடம் மாக்கோஸின் 'ஸ்பியர்ஹெட்', 2019. 1945இல் ஜெர்மனியின் கொலோன் நகரத் தெருக்களில் நடந்த டாங்கிச் சண்டை. நாயகன் கமாண்டர்கூட இல்லை, கிளாரன்ஸ் ஸ்மோயர் என்ற கன்னர். டிரைவர் மெக்வே. படிக்கப் படிக்க ஐந்து பேருக்கும் முகம் கிடைத்துவிடும். அந்த டாங்கியில் ஐந்தாவதாக ஓர் ஆள், டிரைவருக்குப் பக்கத்தில். அதைச் சொன்னதும், "தொணைக்கு ஆள் இருந்திருக்கான், குடுத்து வச்சவன்" என்றார் நைனா. பாதிப் புத்தகம் படித்துச் சொல்வதற்குள் போய்விட்டார். மீதியை நான் இன்னும் படிக்கவில்லை. அதனால் முடிவு எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

நீங்கள் கிரிஸ்ப்பில் ஆரம்பியுங்கள். என் பிரதியைத் தர முடியாது. காட்பாடி நண்பர் ஒருவர் இரவல் வாங்கிப் போய் ஆறு வருஷம் ஆகிறது, வீடும் மாறிவிட்டார், நம்பரும் மாறிவிட்டது. அதன் உள் அட்டையில்தான் நைனா 71இல் தன்னோடு டாங்கியில் இருந்த மூன்று பேரின் பெயர்களைக் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார். கமாண்டர் பெயரும் கன்னர் பெயரும் எனக்கு நினைவிருக்கின்றன. லோடர் பெயர் மறந்துவிட்டது. நண்பர் இதைப் படித்தால், புத்தகத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.