லாரி விளையாட்டுக்கு ஸ்டீயரிங் வீல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

யூரோ டிரக் சிமுலேட்டர் 2, அமெரிக்கன் டிரக் சிமுலேட்டர் என்ற கணினி விளையாட்டுகள் இரண்டையும் பல ஆண்டுகளாக ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலில்தான், அதாவது சாலையின் விசையை உள்ளிருக்கும் மோட்டார் மூலம் கையில் உணர்த்தும் ஸ்டீயரிங்கில்தான் ஓட்டுகிறேன். வீல் வாங்கியவர்கள் அதைச் சரியாக அமைப்பது பற்றிக் கேட்டவற்றில், பலருக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: புது வீலை மாட்டினேன். லாரி திரும்புகிறது, பொத்தான்களும் வேலை செய்கின்றன. ஆனால் கையில் விசையே தெரியவில்லை, தொளதொளவென்று சுற்றுகிறது. பழுதான வீலா?

பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், மின் அடாப்டரின் முனை வீலின் அடியில் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளையிலிருந்து கிடைப்பது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். பொத்தான்களுக்கும் சென்சாருக்கும் அது போதும், மோட்டாருக்குப் போதாது. அதனால்தான் அடாப்டர் இல்லாவிட்டாலும் வீல் பாதி உயிரோடு இருப்பதுபோல் நடந்துகொள்ளும்.

அடையாளம் எளிது. லாஜிடெக், திரஸ்ட்மாஸ்டர் வீல்களை இணைத்ததும் அவை தாமாகவே ஒரு பக்கம் முழுதாகச் சுற்றி, மறுபக்கம் சுற்றி, நடுவில் வந்து நிற்க வேண்டும். அந்தச் சுற்று நடக்கவில்லை என்றால் விளையாட்டின் அமைப்புகளில் தேடிப் பயனில்லை. சுற்று முடியும்வரை வீலில் கை வைக்காதீர்கள். வைத்தால் நடுப்புள்ளி தவறாகப் பதிந்து, நேரான சாலையில் வீல் சாய்ந்தே நிற்கும். திரஸ்ட்மாஸ்டர் டி150, டி300 வைத்திருப்பவர்கள் கணினியில் இணைக்கும் முன் வீலில் உள்ள நகர்த்துப் பொத்தானை பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) என்று எழுதிய பக்கம் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, சுழற்சியை எத்தனை டிகிரி வைப்பது? கார் பந்தயத்துக்கு 360 வைத்திருந்தேன். அதே அளவில் லாரி ஓட்டினால் நெடுஞ்சாலையில் பாம்பு போல நெளிகிறது.

நெளியத்தான் செய்யும், தம்பி. உண்மையான லாரியின் ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஏறக்குறைய நான்கு முதல் ஐந்து சுற்று சுற்றும், அதாவது 1440 முதல் 1800 டிகிரி. அந்த வேலை முழுவதையும் நீங்கள் ஒரே சுற்றுக்குள் அடக்கியிருக்கிறீர்கள். விரல் லேசாக அசைந்தாலும் டிரெய்லர் அடுத்த தடத்துக்குப் போய்விடும்.

உங்கள் வீல் எவ்வளவு தருமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். லாஜிடெக் ஜி29, ஜி920, ஜி923 ஆகியவை 900 வரை தரும். திரஸ்ட்மாஸ்டர் டி150, டி300 ஆகியவை 1080 வரை தரும். நேரடி மோட்டார் வீல்களில், அதாவது பல்சக்கரமோ பெல்ட்டோ இல்லாமல் மோட்டாரின் அச்சிலேயே வளையம் பொருத்தியவற்றில், 1800 வரை வைக்க முடியும். அங்கே 1440-ல் தொடங்குங்கள், குறுகிய முற்றத்தில் பின்னால் எடுக்கும்போது கை சோர்ந்தால் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவை முதலில் வீலின் டிரைவர் மென்பொருளில் (வீலுக்காகக் கணினியில் நிறுவும் மென்பொருள்) வையுங்கள். பிறகு விளையாட்டுக்குள், திரையில் தெரியும் ஸ்டீயரிங் எத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்ற அமைப்பிலும் அதே எண்ணைக் கொடுங்கள். பலர் இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடுகிறார்கள். கையில் உள்ள வீல் கால் பங்கு சுற்றியிருக்கும், திரையில் வேறு அளவு சுற்றியிருக்கும். கண்ணும் கையும் ஒத்துப்போகாமல் மூளை குழம்பும். சோதித்துப் பாருங்கள்: வீலின் உச்சியில் ஒரு சிறு டேப் துண்டு ஒட்டி, அது கடிகாரத்தின் மூன்று மணி இடத்துக்கு வரும்வரை திருப்புங்கள். திரையில் உள்ள ஸ்டீயரிங்கும் சரியாகக் கால் சுற்று சுற்றியிருக்க வேண்டும்.

இன்னொன்று, திருப்பத்தின் வேகத்தை வளைகோடாக மாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. அது கேம்பேடின் சிறு குச்சிக்காக வந்தது. வீல் உள்ளவர்கள் அதை இடது ஓரத்துக்கு, பூஜ்யத்துக்குத் தள்ளிவிடுங்கள். நடுவில் உணர்வற்ற பகுதி வைக்கும் அமைப்பும் பூஜ்யமாகவே இருக்கட்டும்.

கேள்வி: லாரி கனமான வண்டி. அதனால் விசை எல்லாவற்றையும் நூறு சதவீதம் வைத்தால்தானே நிஜம் போல இருக்கும்? கை வலிக்கிறது, ஆனாலும் விட மனமில்லை.

இந்த எண்ணத்தை மாற்றுவதற்காகவே நான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை. ஐரோப்பாவில் ஐந்து அச்சு லாரிக்குப் பொதுவான எடை வரம்பு 40 டன். அவ்வளவு எடையையும் ஓட்டுநர் ஒரு உள்ளங்கையால் திருப்புகிறார், ஏனென்றால் உள்ளே பவர் ஸ்டீயரிங் உழைக்கிறது. லாரியின் கனம் ஸ்டீயரிங்கை எதிர்த்துத் தள்ளுவதில் இல்லை. வண்டி மெதுவாகத் திரும்புவதிலும், திரும்பிய பிறகு நேராக வர நேரம் எடுப்பதிலும் இருக்கிறது.

அதிக விசையில் இன்னொரு இழப்பும் உண்டு. உங்கள் மோட்டாருக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. ஜி29 ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) தரும். விளையாட்டு அதற்கு மேல் கேட்டால் மோட்டார் உச்சத்திலேயே நின்றுவிடும். வளைவில் ஏற்கெனவே முழு விசையில் இருக்கும் மோட்டாரால், அதே நேரத்தில் டயர் ஒரு பள்ளத்தில் இறங்கியதை எப்படிச் சொல்ல முடியும்? குரலின் உச்சியில் கத்திக்கொண்டிருப்பவர் நடுவில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல முடியாது. மொத்த விசையைக் குறைத்ததும் சாலை பேசத் தொடங்கும். சாலை ஓரத்தின் மண்ணில் முன்சக்கரம் இறங்கும் நொடி, பாலத்தின் இணைப்பில் வரும் தட்டல், காலி டிரெய்லருக்கும் சரக்கு ஏற்றியதற்கும் உள்ள வேறுபாடு எல்லாம் அப்போதுதான் விரலுக்கு வரும்.

நான் தொடங்கும் அளவுகளைச் சொல்கிறேன். ஜி29 போன்ற சிறிய வீலில் டிரைவர் மென்பொருளில் விசை முழுதாக இருக்கட்டும். விளையாட்டுக்குள் மொத்த விசையைப் பாதிக்குச் சற்று மேலே வையுங்கள். மையத்துக்குத் திரும்பும் விசை கால் பங்கு போதும். சாலைக் குலுக்கல் பாதி. மோதல் விசை குறைவாக இருப்பது நல்லது, கட்டைவிரல் வீலின் குறுக்குக் கம்பிக்குள் சிக்கினால் வலிக்கும். என்ஜின் அதிர்வைக் கிட்டத்தட்ட அணைத்துவிடுங்கள். ஜி29-க்குள் பல்சக்கரங்கள் உள்ளன. வண்டி சும்மா நிற்கும்போது என்ஜின் அதிர்வு அந்தப் பற்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியில் விழுந்து, டப்பாவில் போட்ட ஆணிகள் போலக் கடகடக்கும். பெல்ட் வைத்த டி300-ல் இந்தச் சத்தம் வராது, அங்கே கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். அதே சாலையை, அதே சரக்கோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி: நேர்ச்சாலையில் கையை எடுத்தால் வீல் தானாகவே இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

வீல் நடுவுக்குத் திரும்பும்போது வேகத்தில் நடுவைத் தாண்டிவிடுகிறது. அதை விளையாட்டு உணர்ந்து எதிர்விசை அனுப்பச் சிறிது நேரம் ஆகிறது, அதற்குள் அது மறுபக்கம் போய்விடுகிறது. ஊஞ்சலைத் தவறான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போன்ற நிலை. மையத்துக்குத் திரும்பும் விசையைக் குறையுங்கள், டிரைவர் மென்பொருளில் தணிப்பு என்ற அமைப்பு இருந்தால் சற்றுக் கூட்டுங்கள். திரையின் பிரேம் வேகம் தடுமாறினாலும் ஆட்டம் அதிகமாகும், ஆகவே படத்தின் தரத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். கை வீலின் மேல் இருந்தால் அந்த எடையே ஆட்டத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: என் வீல் நடுவுக்கு வராமல் ஓரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

விசையின் திசை தலைகீழாக இருக்கிறது. நேரடி மோட்டார் வீல்கள் சிலவற்றின் மென்பொருளிலேயே திசையை மாற்றும் பொத்தான் உண்டு. அதை மாற்றுங்கள். அதுவரை வேகமாக ஓட்டாதீர்கள், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: பிரேக் பெடலைத் தொடாமலேயே லாரி பாதி பிரேக்கில் நிற்கிறது. தொட்டால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது.

இரண்டும் வேறு வேறு சிக்கல். முதலாவதற்கு, விளையாட்டின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் பிரேக் அச்சின் வகையை மாற்றுங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் அளக்கும் வகை வந்திருந்தால், ஓய்வில் இருக்கும் பெடலும் பாதி மிதித்ததாகக் கணக்காகும். தலைகீழ் வகையையும் போட்டுப் பாருங்கள். இரண்டாவதற்கு, பிரேக் கடுமை என்ற நகர்வுக் கோலைக் குறையுங்கள். சரக்கேற்றிய லாரி உடனே நிற்காது. மலை இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ரிடார்டரை (சக்கரப் பிரேக்கைத் தேய்க்காமல் வண்டியை மெதுவாக்கும் துணைக் கருவி) பயன்படுத்திப் பழகுங்கள், அதை வீலில் உள்ள ஒரு பொத்தானுக்கே கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஐயா, என் கியர் கம்பியில் ஆறு இடமும் ரிவர்ஸும்தான். 12 கியர், 18 கியர் லாரியை எப்படி ஓட்டுவது?

அழகான கேள்வி. உண்மையான லாரியிலும் 18 குழிகள் கிடையாது. ஈட்டன் ஃபுல்லர் 18 கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு மிகத் தாழ்ந்த ஓர் இடம், அதற்கு மேல் நான்கு இடங்கள். கம்பியின் தலையில் ஒரு சுவிட்ச் தாழ்நிலை, மேல்நிலை என்று மாற்றும். அதனால் அதே நான்கு இடங்கள் மறுபடி ஐந்து முதல் எட்டு வரை ஆகின்றன. ஆக ஒன்பது. இன்னொரு சுவிட்ச் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிக்கும், பதினெட்டு ஆகிவிட்டது. 12 கியர் பெட்டியில் இதே முறையில் மூன்று இடங்கள் போதும்.

ஆகவே உங்கள் ஆறு இடக் கம்பி தாராளமாகப் போதும். தேவைப்படுவது இரண்டு பொத்தான்கள். ஒன்றை நிலை மாற்றுவதற்கும் மற்றொன்றைப் பிரிப்பதற்கும் கொடுங்கள், விளையாட்டின் கியர் அமைப்புப் பட்டியலில் உங்கள் பெட்டிக்குரிய வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது, கியரிலிருந்து கம்பியை எடுப்பதற்கு முன்பே நிலை சுவிட்சை மேலே தள்ளிவிடுவது உண்மையான ஓட்டுநர்களின் வழக்கம். கம்பி நடுவைக் கடக்கும்போது நிலை மாறிவிடும். இது கைக்கு வர இரண்டு வாரம் ஆகலாம், வந்தபின் தானியங்கி கியருக்குத் திரும்ப மனம் வராது.

கேள்வி: திருப்பும்போது மேசையே ஆடுகிறது.

பிடிப்பான்களுக்கு அடியில் மெல்லிய ரப்பர் துண்டு வையுங்கள். ஒரு முறை என் வீல் வளைவின் நடுவில் பிடி நழுவி மடியில் இறங்கியது. அன்றிலிருந்து விளையாட உட்காரும் முன் திருகுகளை ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிடுகிறேன்.

கேள்வி: ஜி29-இல் உள்ள சிறிய வளையத்துக்குப் பதில் 40 சென்டிமீட்டர் லாரி வளையம் மாட்டினால் எப்படி இருக்கும்?

தோற்றத்துக்கு ஈடு இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2 நியூட்டன் மீட்டர் தரும் மோட்டாரில், 14 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளையத்தின் விளிம்பில் கைக்குக் கிடைப்பது சுமார் 14 நியூட்டன். ஆரம் 20 சென்டிமீட்டர் ஆனால் அது 10 நியூட்டனாக இறங்கிவிடும். பெரிய வளையத்தின் எடையைச் சுழற்றவும் மோட்டார் உழைக்க வேண்டும், அதனால் சிறு அதிர்வுகள் மழுங்கும். 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரும் நேரடி மோட்டார் இருந்தால் தயங்காமல் மாட்டுங்கள், அங்கே விளிம்பில் 25 நியூட்டன் இருக்கும். ஜி29-இல் இருக்கும் வளையத்தோடே ஓட்டுங்கள். வீலைச் சற்றுத் தாழ்வாகப் பொருத்தி, மேல் விளிம்பு உங்களை விட்டு விலகும்படி சாய்த்துவையுங்கள். லாரியின் இருக்கையில் உட்கார்ந்த உணர்வில் பாதி அந்தச் சாய்விலேயே வந்துவிடும்.