ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு 18 வயது. பள்ளி முடிந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை. இது அவன் இயல்பா, மனச்சோர்வா?

"முன்பு போல அடம் இல்லை, எதுவும் கேட்பதில்லை, ரொம்ப அமைதியாகிவிட்டான்" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் இதே வார்த்தைகளை நானும் நிம்மதியாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதிதான் இன்றுவரை உறுத்துகிறது.

நான் மருத்துவர் இல்லை, அம்மா. என் மகனுக்கு இப்போது 23 வயது. பேசுவான். மனசு சரியில்லாத நாளில் வார்த்தை வராது, போனில் தட்டச்சு செய்து காட்டுவான். "உங்கள் பையன் பேசுகிறான், அதனால் சுலபமாகச் சொல்கிறீர்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். பேச்சே வராத பிள்ளை இருக்கும் வீட்டின் கஷ்டம் வேறு, அதைத் தெரிந்ததுபோல நான் எழுத மாட்டேன். ஆனால் பேசுகிற பிள்ளை தன் வலியையும் பேசிவிடுவான் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன்.

அவனுக்கு மின்விசிறி என்றால் உயிர். மூன்று வயதிலிருந்தே அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் நுழைந்ததும் தலையைத் தூக்கி மேலே பார்ப்பான். பேரிங் தேய்ந்திருக்கிறதா, கண்டென்சர் போய்விட்டதா என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். பள்ளி முடிந்த மூன்றாவது மாதம் எங்கள் ஹால் விசிறி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அவன் அதன் கீழேதான் படுத்திருந்தான். "கண்ணா, ஃபேன் சத்தம் போடுது பாரு" என்றேன். "ம்" என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்கு முன்பே மற்றவையும் தொடங்கியிருந்தன. குளிக்க நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பத்து வயதில் கற்றுக்கொண்ட ஷூ லேஸ் கட்டுவது கை மறந்துபோனது போல ஆனது. இரவு 3 மணி வரை விழித்திருப்பான். இத்தனை வருடம் பழகிய மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் அவனைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்து, "ஆட்டிசம்னா இப்படித்தாம்மா, வளர வளர இன்னும் ஒதுங்குவாங்க" என்றார். மொத்தம் ஏழு நிமிடம். அதை நம்பி ஐந்து மாதத்தை வீணாக்கினேன்.

ஆட்டிசம் என்ற பெயர் ஒன்று கோப்பில் இருந்துவிட்டால், புதிதாக எது வந்தாலும் அதன் தலையில் கட்டிவிடுவது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த தவறு. ஆட்டிசம் பிறவியிலேயே இருப்பது. ஒரு பிள்ளை மூன்று மாதத்தில் மாறினான் என்றால் அந்த மாற்றத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கு அன்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கேள்விக்கு என் நேரான பதில் இதுதான்: அவனை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்து அவனோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவதாகப் பார்த்த மனநல மருத்துவர் என்னை வெளியே அனுப்பவில்லை, ஆனால் கேள்விகளை அவனிடமே கேட்டார். ஃபேன் இப்பவும் பிடிக்குதா என்றார். ரொம்ப நேரம் கழித்து, "பிடிக்கும். ஆனா பாத்தா உள்ள ஒண்ணும் ஆகல" என்றான். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "சோகமா இருக்குன்னு இவங்க சொல்லுவாங்கன்னு காத்திருக்காதீங்க. உயிரா இருந்தது சப்புனு போச்சான்னு பாருங்க" என்றார். தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தெரியாத நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். "எப்படி இருக்கே?" என்று தினமும் கேட்டேன், "நல்லா இருக்கேன்" என்று தினமும் சொன்னான். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில் என்று சின்ன வயதில் அவனுக்குப் பயிற்சி கொடுத்ததே நான்தான்.

பிறகு அவர், செத்துப்போகலாம் என்று நினைப்பு வருதா என்று நேராகவே கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. "தினமும் இல்ல. ராத்திரி மட்டும்" என்றான். இதைப் பொதுவெளியில் எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள இளைஞர்களிடம் இந்த எண்ணம் மற்றவர்களைவிட அதிகம். தன் இயல்பை மறைத்து மற்றவர்களைப்போல நடந்துகொள்ளப் பாடுபடுகிறவர்களிடம் இன்னும் அதிகம் காணப்படுகிறது. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், கேட்பதால் அது வராது. ஆமாம் என்று சொன்னால் அவனைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், அன்றைக்கே உதவி தேடுங்கள்.

உடம்பையும் பார்க்கச் சொன்னார். பல்வலியையோ வயிற்று வலியையோ சொல்லத் தெரியாமல் சுருண்டு கிடக்கும் பிள்ளைகள் உண்டு. வலிப்பு நோய் இவர்களில் சிலருக்குப் பதின்பருவத்தில்தான் முதலில் தலைகாட்டும். என் மகனுக்கு அப்படி எதுவும் இல்லை.

அவனுக்கு இருந்தது மனச்சோர்வும் அதோடு சேர்ந்த ஒரு பெரிய அயர்ச்சியும். தானும் ஆட்டிசம் உள்ளவரான டோரா ரேமேக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2020ல் இந்த அயர்ச்சியை விவரித்திருக்கிறார்கள்: மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பு, முன்பு செய்த காரியங்கள் கைநழுவுதல், சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் போதல். படித்தபோது ஷூ லேஸும் மிக்ஸியும்தான் கண்முன் வந்தன. பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் "உங்க பையனால ஒரு தொந்தரவும் இல்ல" என்று பாராட்டுவார்கள். நான் பெருமையாக வீட்டுக்கு வருவேன். கையை ஆட்டாமல், காதைப் பொத்தாமல், கண்ணைப் பார்த்துப் பேசி, பன்னிரண்டு வருடம் அந்தப் பாராட்டுக்கு அவன் கொடுத்த விலை அது.

மருந்து கொடுத்தோம். "பிள்ளைக்கு மருந்தா" என்று திட்ட வருகிறவர்களுக்கு: ராத்திரி மட்டும் என்று உங்கள் பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றினார்கள், ஏனென்றால் பக்கவிளைவு இவர்களை அதிகம் படுத்தலாம். கூடவே ஆலோசனை. அதிலும் வாய்ப்பேச்சு குறைவு, காகிதமும் எண்களும் அதிகம். "எப்படி இருக்கே" போய், ஃபேன் ரெகுலேட்டரைப்போல 0 முதல் 5 வரை ஒரு பலகை வந்தது. காலையில் எண்ணைத் திருப்பி வைப்பான். 1 என்றால் யாரும் எதுவும் கேட்கக்கூடாது.

அவனோடு இருக்க நான் நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். திரும்பிப் போனபோது, எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை நான் வேலை கற்றுக்கொடுத்த ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். "உங்களுக்கு வீட்ல பொறுப்பு ஜாஸ்தி, அதனாலதான்" என்று எனக்கு நன்மை செய்ததுபோலச் சொன்னார்கள். பதினோரு வருடம் ஒருநாள் தாமதமாகப் போனதில்லை. இதே காரணத்துக்காக எந்த அப்பாவுக்காவது உயர்வு மறுக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் தேறிய பிறகு அவன் ஒருநாள் தட்டச்சு செய்து காட்டினான்: "ஸ்கூல் முடிஞ்சதும் எல்லா நாளும் ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு. திங்கள் எப்போ வரும்னு யாரும் சொல்லல." பன்னிரண்டு வருடம் மணியடித்து நடந்த வாழ்க்கை ஒரே நாளில் நின்றுபோனது. அதற்குப் பிறகு என்ன என்பதை நாங்கள் பெரியவர்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோமே தவிர அவனிடம் பேசவில்லை. அந்தப் பேச்சை அவனோடு 14 வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். உங்களுக்குத் தாமதமாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள், நாங்கள் 19ல்தான் தொடங்கினோம். முதலில் ஒரே ஒரு முடிவை அவனிடம் விட்டோம்: மருத்துவரிடம் முதல் பத்து நிமிடம் அவன் தனியாகப் போவான். பிறகு அவன் பணம் அவன் கையில். தப்பாகச் செலவழித்தான், விட்டுவிட்டேன். 18 வயதானதும் எல்லாவற்றுக்கும் பெற்றோரே கையெழுத்துப் போட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12வது பிரிவு, முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கும் சமமாக உண்டு, அதற்கு வேண்டிய உதவியைத்தான் செய்ய வேண்டும் என்கிறது. அது என் பக்கம் நிற்பதுபோல இருந்தது.

"வளர வளர ஒதுங்குவாங்க" என்ற அந்த வாக்கியத்துக்கு ஒரு பதில். 1943ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் பதினோரு குழந்தைகள். அதில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக நாடு நாடாகச் சுற்றினார், 2023ல் 89 வயதில் இறந்தார். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்லவில்லை. அவர் குடும்பத்துக்கு வசதி இருந்தது, ஊர் அவரை அவராகவே ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு அந்த வசதி இல்லை.

என் மகன் இப்போது வாரத்தில் மூன்று அரைநாள் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலைக்குப் போகிறான். சில வாரம் போவதே இல்லை. இன்று காலை பலகையில் 2.

உங்கள் மகனுக்கு உயிராக இருந்தது எது? அதை அவன் கடைசியாக எப்போது தொட்டான்? மாதக்கணக்காகிவிட்டது என்றால் இந்த வாரமே கூட்டிப்போங்கள். ஏழு நிமிடத்தில் அனுப்பிவிட்டால் அடுத்தவரைத் தேடுங்கள், என்னைப்போல ஐந்து மாதம் காத்திருக்காதீர்கள்.