ஈயக்குண்டு கட்டாத தூண்டில்

வணக்கம் அண்ணா,

குளத்து மீன்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் வட்டக்கச்சி. சின்ன வயதிலிருந்தே தூண்டில் பழக்கம் உண்டு. போன வருடம் நோர்வேயிலிருந்து வந்த மாமா ஒரு ஃபிளை தடி, றீல், ஒரு சின்னப் பெட்டி நிறைய இறகு கட்டிய தூண்டில்கள் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுப் போனார். கனகராயன் ஆற்றுக்குக் கொண்டுபோய், மண்புழு குத்தி, ஈயக்குண்டும் கட்டி எறிந்து பார்த்தேன். புழு கழன்று பறக்கிறது, லைன் என் காலடியிலேயே சுருண்டு விழுகிறது. பக்கத்தில் நின்ற பெடியன்கள் சிரித்தார்கள். இந்தத் தடி ட்ரவுட் என்கிற குளிர்நாட்டு மீனுக்கு மட்டும்தானா? நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் இருக்கிறதாமே, குஞ்சு கொண்டுவந்து எங்கள் ஆற்றில் விட்டால் வளராதா? பெயர் போட வேண்டாம்.

வட்டக்கச்சியிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். தடியிலும் குறை இல்லை, உங்கள் கையிலும் குறை இல்லை. முதலில் அந்த ஈயக்குண்டைக் கழற்றிவிடுங்கள். மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

நாங்கள் பழகிய தூண்டிலில் பாரம் நுனியில் இருக்கும். ஈயத்தை வீசினால் அது தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை தடியில் இது தலைகீழ். நுனியில் இருப்பது ஒரு பூச்சி அளவு இறகு, கையில் வைத்தால் பாரமே தெரியாது. பாரம் முழுவதும் லைனில் இருக்கிறது. மாமா தந்த லைனைத் தடவிப் பாருங்கள்: தடிப்பாக, பிளாஸ்டிக் பூசியதாக, நுனிப்பக்கம் மெலிந்துகொண்டே வரும். தடியில் 5 என்று இலக்கம் போட்டிருந்தால் அதற்குரிய லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம் இருக்கும். நீங்கள் எறிவது அந்த லைனைத்தான். இறகு அதன் பின்னால் சும்மா போகிறது. நுனியில் ஈயம் கட்டினால் லைனும் ஈயமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், ஈயம் தடியின் நுனியில் மோதினால் தடி முறியவும் கூடும். மண்புழு பறந்ததற்கும் காரணம் இதுதான். பின்பக்கம் வீசும்போது வரும் உதறலை ஒரு புழு தாங்காது.

ஆற்றங்கரையில் பழகாதீர்கள், மருத மரங்களில் சிக்கும். அறுவடை முடிந்த வயலுக்குப் போங்கள். தூண்டிலுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டுங்கள். லைனைப் பின்னுக்குத் தூக்கி வீசி, தடி தலையைச் சற்றுத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துங்கள். அப்புறம் பொறுங்கள். லைன் முதுகுப்பக்கம் விரிந்து நேராகும்போது தடி மெல்லப் பின்னுக்கு இழுபடுவதைக் கை உணரும். அந்த இழுவை வந்த பிறகுதான் முன்னுக்குத் தள்ள வேண்டும், முன்னாலும் அதே மாதிரிச் சட்டென்று நிறுத்த வேண்டும். எனக்கு அந்த இழுவை கைக்குப் பிடிபட மூன்று வாரம் ஆனது.

நோர்வேயின் வடக்கில் பதினொரு வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ட்ரவுட் பழகியது அங்கேதான். கூட வேலை செய்த ஒரு நோர்வேக் கிழவர், முதல் நாள் என் கையில் தடியே தரவில்லை. ஆற்றுக்குள் இறங்கி ஒரு கல்லைப் புரட்டச் சொன்னார். கல்லின் அடியில் ஆறு கால்களும் பின்னால் மூன்று மெல்லிய வால்களுமாக, அரிசியளவில், கல்லோடு தட்டையாக ஒட்டிக் கிடந்தன பூச்சிக் குஞ்சுகள். மேஃபிளை என்கிற பூச்சி. மாதக் கணக்கில், சில இனங்கள் வருடக் கணக்கில், இப்படித் தண்ணீருக்குள்ளேயே வளரும். பிறகு ஒருநாள் மேலே வந்து தோலை உரித்துச் சிறகு விரிக்கும். சிறகு வந்த பிறகும் இன்னொரு தரம் தோல் உரிப்பது பூச்சிகளிலேயே இது ஒன்றுதான். வளர்ந்த மேஃபிளைக்குச் சாப்பிட வாய் கிடையாது. ஒருநாள், இரண்டு நாள் பறந்து, கூடி, முட்டையிட்டு, ஆற்றின் மேலேயே விழுந்து செத்துவிடும்.

ட்ரவுட் இதற்காகத்தான் காத்திருக்கிறது. ஒரு கல்லின் பின்னால், நீரோட்டம் குறைந்த இடத்தில், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். தண்ணீர் கொண்டுவருவதை இருந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் இறகும் தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். லைன் இழுபட்டு, இறகு தண்ணீரில் ஒரு சின்னக் கோடு கீறினாலும் போதும், மீன் தொடாது. உண்மையான பூச்சி கோடு கீறாது என்று அதற்குத் தெரியும். அன்றைக்குக் கிழவர் அரைமணி நேரம் என்னைக் கரையில் இருத்தி, மீன் பூச்சியை எடுக்கும்போது தண்ணீரில் வளையங்கள் எழும்பும் இடங்களை எண்ண வைத்தார். ஒரே கல்லின் பின்னால் ஒன்பது தரம் எழும்பியது. ஒன்பதும் ஒரே மீன் என்று அவர் சொன்னபோது ஆறு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

சரி, ட்ரவுட்டை இங்கே கொண்டுவருவது. வேண்டாம் தம்பி. முதற்காரணம், அது செத்துப்போகும். அதற்கு உகந்த தண்ணீர் 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை. 20 தாண்டினால் திணறும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் குளங்களில் 28, 30 பாகை சாதாரணம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறையும். 10 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் அளவு நிற்கும், 30 பாகையில் ஏழரைதான். முட்டையிடுவதற்கும் அதற்குக் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீருக்கு அடியில் பரல் கற்கள் வேண்டும். கனகராயன் ஆறு மாரியில் கரை புரண்டு இரணைமடுக் குளத்துக்கு ஓடும், கோடையில் மணல் தெரியும். எப்படி நிற்கும் அந்த மீன்?

1880-களில் வெள்ளைக்காரர் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். முதலில் வந்தது பிரவுன் ட்ரவுட், பின்னால் வந்தது ரெயின்போ ட்ரவுட். மலை ஓடைகளில் ஊன்றிக்கொண்டது ரெயின்போதான். 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிற ஹோட்டன் சமவெளியின் குளிர் அதற்குச் சரிவந்தது. ஆனால் அங்கே மட்டுமே வாழ்கிற ஒரு சின்ன நன்னீர் இறாலுக்கு அந்த ட்ரவுட்டால் ஆபத்து என்று உயிரியலாளர்கள் சொல்கிறார்கள். ஒரு மீனை விடுவது ஒருநாள் வேலை, திருப்பி எடுக்க முடியாது. 1952-இல் வந்த திலாப்பியா இன்றைக்கு எங்கள் குளங்களின் பிரதான மீன். போர் முடிந்து மீளக் குடியேறிய காலத்தில் எத்தனை வீட்டு அடுப்பில் அது கறியாகக் கொதித்தது என்று எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதற்காக இன்னொன்றையும் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லவும் மனம் வராது.

தடி ட்ரவுட்டுக்கு மட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. பூச்சி தின்கிற எந்த மீனுக்கும் இது சரி. எங்கள் ஊரில் முதல் மழை விழுந்த பின்னேரம் என்ன நடக்கும்? புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். நாங்கள் விளக்கைச் சுற்றி விழுவதை மட்டும் பார்க்கிறோம். போன ஐப்பசியில் நான் குளக்கட்டில் நின்று பார்த்தேன். காற்று ஈசல்களைத் தண்ணீருக்கு மேல் தள்ளியது. விழுந்தவை சிறகு ஒட்டிப்போய் எழும்ப முடியாமல் அதே இடத்தில் சுழன்றன. இரண்டு நிமிடத்துக்குள் கரையோரத் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள். முதலில் கெண்டை, பிறகு அதைவிடப் பெரிய வாய்கள். நோர்வேயில் கண்ட அதே வளையம்.

ஏலியன் என்றொரு ரோமானிய எழுத்தாளர் ஏறக்குறைய 1,800 வருடங்களுக்கு முன் மசிடோனியா நாட்டு மீனவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் ஆற்றின் மீன் ஒருவகை ஈயைத் தின்னும். அந்த ஈயைப் பிடித்துத் தூண்டிலில் குத்த முடியாது, மனிதக் கை பட்டால் அதன் நிறம் கெட்டுச் சிறகும் வாடிவிடும். ஆகையால் தூண்டிலில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகைக் கட்டினார்கள். இதை வாசித்தபோது எனக்கு ஈசல்தான் நினைவுக்கு வந்தது. ஈசலைக் கையால் பிடித்துப் பாருங்கள், சிறகு விரலோடு வந்துவிடும், மிஞ்சுவது வெறும் புழு. சிறகோடு அதை மீனுக்குக் காட்ட வேண்டுமானால் கட்டித்தான் காட்ட வேண்டும். மாமாவின் பெட்டி நோர்வேப் பூச்சிகளுக்காகக் கட்டியது. எங்கள் ஈசலை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

விரால் வேறு கதை. அது பூச்சிக்காக நிற்பதைவிடத் தவளைக்காக நிற்கும். அதற்குப் பெரிய இறகும் தடித்த நுனித் தங்கூசியும் வேண்டும், 5 இலக்கத் தடியால் தாமரைக் கொடிக்குள்ளிருந்து அதை இழுத்தெடுப்பது சிரமம். விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை வாயால் விழுங்கும் மீன். அது வந்துபோன இடத்தைக் கண் வைத்திருந்தால் எங்கே எறிவது என்று தெரியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சிவந்த குஞ்சுகள் கூட்டமாகத் தண்ணீர் மட்டத்தில் கொதிக்கிற மாதிரித் தெரிந்தால் கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அந்த நேரம் கோபத்தில் எதையும் கவ்வும், பிடிப்பது லேசு. பிடிக்காதீர்கள். பெரியதைத் தூக்கினால் அரைமணி நேரத்துக்குள் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களின் வாய்க்குள் போய்விடும்.

வீடியோக்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எறிகிறார்கள். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது, குளக்கட்டில் நின்றே எறியுங்கள். கட்டின் மேல் நின்றால் பின்பக்கம் லைன் விரியவும் வெளி கிடைக்கும். குளத்தில் மீன்குஞ்சு விடுகிற மீனவர் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வலை கிடக்கிற பக்கம் போகாமல் எறியுங்கள்.

ஈசலுக்கு வேண்டியது வீட்டிலேயே இருக்கும். சின்னத் தூண்டில், கபில நிறத் தையல் நூல், சேவலின் கழுத்து இறகு இரண்டு. செட்டை இறகு வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துத் தாழும். கழுத்து இறகின் மயிர் விறைப்பானது, தூண்டிலைச் சுற்றிக் கட்டினால் தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கும். கட்டி முடித்ததும் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தாழ்ந்தால் அவிழ்த்து இன்னொரு தரம் கட்டுங்கள். ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முதல் மழைக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.