மாணவர்களை வானொலி நிலையத்துக்கு அழைத்துச் செல்வதால் உண்மையிலேயே பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் ஆசிரியை நான். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை அகில இந்திய வானொலியின் திருச்சிராப்பள்ளி நிலையத்துக்கு அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

அந்த நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. மத்திய அலையில் 320.5 மீட்டர், அதாவது 936 கிலோஹெர்ட்ஸ் என்ற அறிவிப்பை வீட்டுப் பெரியவர்களோடு கேட்டே வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பலர் இருந்தார்கள். ஆனால் அலைநீளமும் அதிர்வெண்ணுமான அந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் ஒளியின் வேகம் கிடைக்கும் என்பது, புறப்படுவதற்கு முந்தைய நாள் கரும்பலகையில் பெருக்கிப் பார்த்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

கலையகத்துக்கு அடுத்தடுத்து இரண்டு கனத்த கதவுகள். முதல் கதவைச் சாத்திய பிறகே இரண்டாவதைத் திறக்க விட்டார்கள். உள்ளே ஒரு மாணவன் கைதட்டியபோது, சுவரில் பதித்த துளைப் பலகைகள் ஒலியை உறிஞ்சிக்கொண்டதால் எதிரொலியே எழவில்லை. நான் வகுப்பில் இரண்டு நாள் விளக்கியதை அந்த ஒரு கைதட்டல் புரியவைத்தது. அறிவிப்பாளர் தாள்களைக் குத்தி வைக்காமல் தனித்தனியாக வைத்திருந்தார்; படித்து முடித்த தாளைப் புரட்டாமல், சரசரப்பு மைக்கில் விழாதபடி பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினார். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தது அந்தக் கைகளைத்தான்.

நீங்கள் அழைத்துச் செல்வதானால், நிலையத் தலைமைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து உள்ளே அனுப்புங்கள். முடிந்தால் இரண்டு நிமிடமாவது பிள்ளைகளைப் பேச வைத்துப் பதிவு செய்து தரும்படி கேளுங்கள். எங்கள் மாணவி ஒருத்தி தன் குரலை முதன்முறையாக வெளியிலிருந்து கேட்டு, "இது நானா?" என்று வியந்து நின்றாள்.

திரும்பும் வழியில் ஒருவன், இரவில் மட்டும் வெளியூர் நிலையங்கள் தெளிவாகக் கேட்பது ஏன் என்று கேட்டான். வானில் உயரத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்குகளான அயனி மண்டலத்தில், பகலில் மத்திய அலையை உறிஞ்சும் கீழடுக்கு இரவில் ஏறக்குறைய மறைந்துவிடுவதால், அலைகள் மேலடுக்கு வரை சென்று திரும்பி நெடுந்தொலைவை எட்டுகின்றன என்று பேருந்திலேயே விளக்கினேன். அன்றிரவு வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கேட்டவற்றை, பெயர் தெரியாத மொழிகள் உட்பட, பட்டியலாக எழுதிக்கொண்டு மறுநாள் காலை வகுப்பு வாசலிலேயே காத்திருந்தான்.